கைவிடாத பிள்ளைகளுக்கு யார் துணை?

பெற்றோரைக் கவனிக்காத பிள்ளையிடமிருந்து சொத்து திரும்பப் பெறப்பட்டது என்ற செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றமும் அப்படித் திரும்பப் பெறுவதை உறுதிசெய்து வழங்கிய தீர்ப்புகளுக்குப் பிறகு, ‘எழுதிக் கொடுத்தாச்சு, இனி என்ன செய்ய முடியும்’ என்று எந்த முதியவரும் ஒடுங்கிப்போக வேண்டியதில்லை. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், கைவிட்ட பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், கைவிடாமல் வைத்துப் பார்க்கும் பிள்ளைகளைப் பற்றி ஏன் பேசுவதே இல்லை?

வயதான அப்பா அம்மாவைத் தங்களோடு வைத்துக்கொண்டு, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, இரவில் எழுந்து கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகும் மகன்களும் மகள்களும் மருமகள்களும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று சட்டத்தில் ஒரு பிரிவு இல்லை. தனி விடுப்பு இல்லை. உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வர வேண்டும் என்றால் அந்த அரை நாளுக்கு மாற்று ஆள் இல்லை. ‘என்னால் முடியவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை.

சொல்லிப் பார்த்தால் தெரியும். ‘பெத்தவங்களைப் பார்க்கிறது ஒரு பாரமா?’ என்று முதலில் கேட்பவர், பெரும்பாலும் அந்த வீட்டில் ஓர் இரவுகூடத் தங்காதவராக இருப்பார். தாயையும் தந்தையையும் தெய்வம் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தெய்வம் இரவு இரண்டு மணிக்கு எழுந்து கதவைத் தட்டும், மாத்திரையைத் துப்பும், மருமகளைத் திருடி என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லும் என்பதற்கு அந்தப் பேச்சில் இடமே இல்லை.

இந்த மௌனம் சும்மா இருப்பதில்லை. முடியவில்லை என்று சொல்ல முடியாத வீட்டில்தான் ஒருநாள் கை ஓங்குகிறது; சாப்பாட்டுத் தட்டு ‘ணங்’கென்று வைக்கப்படுகிறது; அறைக் கதவு வெளியிலிருந்து தாழிடப்படுகிறது. எல்லாக் கொடுமையும் இப்படி வருவதில்லை. சொத்துக்காகவே பெற்றோரை வதைப்பவர்கள் உண்டு, அவர்களுக்குச் சட்டத்தின் பிரம்பு தேவைதான். களைத்துப்போனவர்களிடம் அந்தப் பிரம்பைக் காட்டி என்ன பயன்?

மகளுக்கே அறுபது வயது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் ஏறக்குறைய 10 சதவீதம். மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் கணிப்புப்படி, 2021-இல் இது 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதம் ஆகும். நாட்டின் சராசரி அப்போது 13 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கேரளத்துக்கு அடுத்து வேகமாக நரைக்கும் பெரிய மாநிலம் நம்முடையது.

குடும்பக் கட்டுப்பாட்டில் நாம் முந்திக்கொண்டதன் மறுபக்கம் இது. ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் யாராவது ஒருவர் ஊரோடு தங்கிவிடுவார். மற்றவர்கள் நெல்லோ பணமோ கொடுத்து ஈடுகட்டுவார்கள். இப்போது பிள்ளைகள் ஒன்று அல்லது இரண்டு. ஒருவர் பெங்களூருவில், இன்னொருவர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ.

ஆயுள் கூடியதால் இன்னொன்றும் நடந்திருக்கிறது. அம்மாவுக்கு எண்பத்தைந்து என்றால் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு அறுபது. அவருக்கே சர்க்கரை, அவருக்கே முழங்கால் வலி. கட்டிலிலிருந்து அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டால், அடுத்த வாரம் அந்த வீட்டில் நோயாளிகள் இரண்டு பேர்.

பார்க்கும் வேலை யார் தலையில் விழுகிறது என்பதிலும் ரகசியம் இல்லை. மத்தியப் புள்ளியியல் துறையின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டிலுள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 21 சதவீதத்தினர்தான். அப்படி ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 140 நிமிடம் செலவிடும்போது, ஆண்கள் 74 நிமிடம் செலவிடுகிறார்கள். இதில் குழந்தை வளர்ப்பும் அடக்கம். ஆனாலும் ஆள் யார் என்பது மாறப்போவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம், 2007-இல் ‘பிள்ளைகள்’ என்ற விளக்கத்துக்குள் மகன், மகள், பேரன், பேத்தி வருகிறார்கள், மருமகள் வரவில்லை. 2019-இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா மருமகனையும் மருமகளையும் சேர்க்க முனைந்தது; அது நிறைவேறாமலே காலாவதியானது. சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறதோ அவர் அலுவலகத்தில் இருக்கிறார். யாரைச் சட்டம் கண்டுகொள்ளவில்லையோ அவர் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருக்கிறார்.

அரிசி டிரம்முக்குள் சங்கிலி

அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. மாமியாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஒருநாள் கழுத்துச் சங்கிலியைக் காணவில்லை. மருமகள் எடுத்துத் தன் அம்மா வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள் என்று மாமியார் தெருவில் நின்று அழுதார். நான்கு நாள் கழித்து அது அரிசி டிரம்முக்குள் ஒரு பழைய சுருக்குப்பையில் கிடைத்தது. ஒளித்து வைத்தவர் அவர்தான். வைத்தது நினைவில் இல்லை. சங்கிலி கிடைத்ததும் ‘மாட்டிக்குவோம்னு பயந்து கொண்டுவந்து போட்டுட்டா’ என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகு, ‘இந்த வீட்ல எனக்கு யாரும் சோறு போடறதில்ல’ என்று வாசலில் போகிற கீரைக்காரம்மாவிடம் சொல்வார். பொழுது சாயும் நேரம் வந்தால் பையை எடுத்துக்கொண்டு ‘வீட்டுக்குப் போறேன்’ என்று கிளம்புவார். இதுதானே வீடு என்றால் கோபம் வரும். அவர் தேடும் வீடு நாற்பது வருடத்துக்கு முன்பு விற்றுவிட்ட வீடு.

ஆனால், வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகன் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தால் அம்மா பளிச்சென்று பேசுவார். பேரன் படிப்பை விசாரிப்பார், அங்கே குளிரா என்று கேட்பார். பத்து நிமிடம்தான். அதற்குள் மகன் முடிவு கட்டிவிடுவார்: ‘அம்மா நல்லாத்தானே இருக்காங்க. நீங்கதான் பெரிசு பண்றீங்க.’

மறதி நோய் உள்ளவர்கள் விருந்தாளி முன்னாலும் மருத்துவர் முன்னாலும் சிறிது நேரம் தங்களைத் திரட்டிக்கொண்டு இயல்பாகப் பேசிவிடுவது சகஜம். கூடவே இருப்பவர் சொல்வதை யாரும் நம்பாமல் போவதும் அதனால்தான். அந்த மருமகளுக்கு வேலையைவிடக் கனமாக இருந்தது அந்த நம்பாமைதான்.

குணமா, நோயா?

‘வயசானா அப்படித்தான்’ என்பதைவிட ஆபத்தான வாக்கியம் முதியோர் மருத்துவத்தில் இல்லை. திடீர்க் கோபம், சந்தேகம், பிடிவாதம், சாப்பிட மறுப்பது, இரவில் உளறுவது எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இவற்றில் கணிசமானவை சிகிச்சை உள்ள நோய்களின் அடையாளம்.

எப்போது தொடங்கியது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இரண்டு நாளில் குழம்பிப்போய், ஆளே அடையாளம் தெரியாமல் பேசுகிறார் என்றால் அது குணமும் அல்ல, மறதி நோயும் அல்ல. அவசரமாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. சிறுநீர்த் தொற்று இருக்கலாம். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே அது வரும். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளால் அது நேர்வதுண்டு. கடுமையான மலச்சிக்கலும் காரணமாகலாம். சில வாரங்களுக்கு முன்பு குளியலறையில் விழுந்து, ‘ஒன்றுமில்லை’ என்று எழுந்தவருக்குத் தலைக்குள் மெல்ல ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

மாதக்கணக்கில் மெதுவாக மாறினால் வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும். தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு. இளையவர்களுக்கு மனச்சோர்வு அழுகையாக வந்தால், முதியவர்களுக்கு எரிச்சலாகவும் ‘எனக்கு எதுவும் வேண்டாம்’ என்ற மறுப்பாகவும் வரும். தூக்க மாத்திரையும், சளி, அரிப்புக்காகக் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளும் முதியவர்களின் மூளையைக் குழப்பும். வீட்டிலிருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய் ஒரே மருத்துவரிடம் காட்டுவது, பல வீடுகளில் புதிய மாத்திரையைவிடப் பலன் தரும்.

காது கேளாமைக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்கத் தோன்றுகிறது. காது மங்கியவருக்கு வீட்டில் இருவர் பேசிக்கொண்டால், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று படும். கத்திப் பேசினால் அவமதிக்கிறார்கள் என்று தோன்றும். சந்தேக குணம் என்று நாம் நினைப்பதில் பாதி அங்கேதான் இருக்கிறது. கண்ணாடி போடக் கூச்சப்படாதவர்கள் காது கேட்கும் கருவியை மட்டும் ஏன் மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. நடுவயதிலிருந்து கவனிக்காமல் விடும் செவித்திறன் குறைவு, மறதி நோய்க்கான வாய்ப்பையும் கூட்டுவதாக லான்செட் ஆணையத்தின் அறிக்கைகள் சொல்கின்றன.

இவை எல்லாம் சரிபார்த்த பிறகு மறதி நோய் என்று உறுதியானால், வாதாடுவதை நிறுத்த வேண்டும். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களிடம் ‘இப்பத்தானே சாப்பிட்டீங்க’ என்று நிரூபித்து ஜெயிக்க முடியாது. ‘அடுப்பில் இருக்கு, பத்து நிமிஷம்’ என்றால் கோபம் அடங்கும். பொய்தான். இந்தப் பொய்க்கு எந்தக் கணக்கிலும் பாவம் சேராது.

வசதிகள் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. முதியோர் மருத்துவத்துக்கான பட்டமேற்படிப்பு நாட்டிலேயே முதன்முதலில் 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024-இல் திறக்கப்பட்டது. எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பில்லாமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபரில் அறிமுகமானது. உதவி தேவைப்படும் முதியவர்களுக்காக 14567 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. ஆனால், கிண்டி எங்கே, கீரமங்கலம் எங்கே? படுக்கையில் கிடப்பவரை ஆட்டோவில் ஏற்றுவதற்குள் மகளுக்குப் பாதி நாள் போய்விடும்.

மன்னிக்க முடியாத அப்பா

இனி கடினமான இடம். நோயால் மாறியவர்களைப் பற்றி இதுவரை சொன்னேன். வாழ்நாள் முழுதும் அப்படியே இருந்தவர்களை என்ன செய்வது?

குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்த அப்பா. இருபது வருடம் வேறொரு குடும்பத்தோடு இருந்துவிட்டு, பக்கவாதம் வந்ததும் திரும்பி வந்தவர். மருமகளைச் சமையலறைக்கு வெளியே உட்கார விடாத மாமியார். இவர்களும் முதியவர்கள் ஆகிறார்கள். இவர்களுக்கும் படுக்கைப் புண் வரும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். திருப்ப வேண்டிய கை, ஒரு காலத்தில் அவர் முறுக்கிய கை.

நம் சட்டம் இந்தப் பழைய கணக்கைக் கேட்பதில்லை. தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர் விண்ணப்பித்தால், பிள்ளை ஜீவனாம்சம் தர வேண்டும். சிங்கப்பூரில் 1995-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் ஒரு படி யோசித்திருக்கிறது. பிள்ளையைக் கைவிட்ட, கொடுமைப்படுத்திய பெற்றோர் என்று தீர்ப்பாயம் கருதினால் அவர்களின் மனுவைத் தள்ளுபடி செய்யலாம், தொகையைக் குறைக்கலாம். நமக்கும் அப்படி ஒரு விதி வர வேண்டும் என்றே நினைக்கிறேன். அதற்காக அந்த முதியவரைத் தெருவில் விட வேண்டியதில்லை; அவருடைய பொறுப்பை அரசு ஏற்கட்டும்.

சட்டம் மாறும் வரை? சோறும் மருந்தும் சுத்தமும் ஒன்று, பாசம் வேறொன்று என்று பிரித்துக்கொள்வது பலரைக் காப்பாற்றுகிறது. முதலாவதை ஏற்பாடு செய்தால் போதும். ஆள் வைத்தோ, இல்லத்தில் சேர்த்தோ. இரண்டாவதை யாரும் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது, வரவில்லையே என்று குற்ற உணர்வில் வேகவும் வேண்டாம். ஒரே வீட்டில் இருந்தால் இருவரும் உடைவார்கள் என்றால், அடுத்த தெருவில் வாடகைக்கு ஒரு போர்ஷன் எடுத்து வைத்துப் பார்ப்பது பாவம் ஆகாது. நல்ல முதியோர் இல்லமும் அப்படித்தான். வாராவாரம் போய்ப் பார்க்கிற மகன் இருக்கும் இல்லம், வருடக்கணக்கில் யாரும் முகம் கொடுத்துப் பேசாத பின்கட்டு அறையைவிட மேல்.

பங்காளிகள் பங்கு

அண்ணன் தம்பிகளுக்குள் சொத்துப் பங்கீடு நடக்கும் அளவுக்கு ஒழுங்காக வேலைப் பங்கீடு நடப்பதில்லை. மாதம் அம்மா ஒரு வீட்டில், அப்பா ஒரு வீட்டில் என்று பெட்டியும் கையுமாக மாற்றுவதைத்தான் பங்கீடு என்கிறோம். மறதி நோய் உள்ளவரை இப்படி வீடு மாற்றினால் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பழகுவதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும்.

ஒரே இடத்தில் இருக்கட்டும், மற்றவர்கள் வந்து போகட்டும். தூரத்தில் இருப்பவர் பணம் அனுப்பினால் மட்டும் கணக்கு நேராகாது. ஆண்டுக்கு இரண்டு வாரமாவது அவர் வந்து தங்கி, பார்த்துக்கொள்பவரை வெளியூர் அனுப்ப வேண்டும். அம்பத்தூர் வீட்டில் அப்படித்தான் தீர்ந்தது. மூத்த மகன் விடுமுறையில் வந்து அம்மாவோடு தனியாக மூன்று இரவு இருந்தார். நான்காம் நாள் பகல், இரவு இரண்டு வேளைக்கும் ஆள் போடச் சொல்லி, செலவில் பாதியைத் தானே ஏற்றுக்கொண்டார். யாரும் அவருக்கு உபதேசம் செய்யவில்லை.

பேசி முடியாத குடும்பங்களுக்குச் சட்டத்தில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. பெற்றோர் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் இது வருவாய்க் கோட்டாட்சியரிடம். பெற்றோரால் இயலாவிட்டால், அவர்கள் அதிகாரம் அளித்த வேறொருவர் விண்ணப்பிக்கலாம். ஆகவே, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகள், அம்மாவின் சம்மதத்தோடு, ஒதுங்கிக்கொண்ட சகோதரர்கள் மீது மனு போட முடியும். ஒரு பிள்ளை மீது மட்டும் மனு வந்தால், பொறுப்புள்ள மற்றவர்களையும் சேர்க்கச் சொல்லி அந்தப் பிள்ளை கேட்கலாம். விசாரணைக்கு முன்பு சமரச அலுவலரிடம் அனுப்பவும் வழி இருக்கிறது. ஜீவனாம்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய் என்ற உச்சவரம்புதான் இடிக்கிறது. 2007-இல் வைத்த தொகை அது. இன்று நகரத்தில் படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு இரண்டு வேளை ஆள் போட அது எந்த மூலைக்கு?

கையெழுத்து போடும் தெளிவு இருக்கும்போதே

பார்த்துக்கொள்பவர்களை அலைக்கழிப்பதில் நோய்க்கு அடுத்த இடம் வங்கிக்கும் பத்திரத்துக்கும்தான். அப்பா கணக்கில் பணம் இருக்கும். அவர் படுக்கையில் இருப்பார். மருத்துவச் செலவுக்கு எடுக்க முடியாது. மறதி முற்றிய பிறகு வாங்கும் கையெழுத்து சட்டத்தின் முன் நிற்காது. எனவே, எழுபதைத் தொடும்போதே பேசிவிட வேண்டியவை சில: நம்பகமான ஒருவரைச் சேர்த்து, இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கு; எல்லாக் கணக்குகளுக்கும் நியமனதாரர்; தனியறையா, வென்டிலேட்டரா என்பது வரை மருத்துவ விருப்பம்.

கையெழுத்து நடுங்குகிறது என்பதற்காகப் பணத்தை மறுக்க முடியாது. சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைத்து எடுக்க ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எழுபதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2017-இல் அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் தெரியாது என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றை முக அடையாளம் மூலம் கைபேசியிலேயே தரலாம். சக்கர நாற்காலியில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கும்போது வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு தீர்ப்பாயத்துக்கு நடப்பதைவிட, உயில் எழுதி வைப்பது பாதுகாப்பு. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். தானமாகவோ செட்டில்மென்டாகவோதான் தர வேண்டும் என்றால், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். அன்பும் ஆதரவும் பத்திரத்தில் எழுதாத நிபந்தனைதான் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், எழுத்தில் இருப்பது வழக்கைச் சுருக்கும்.

அரசு வாசலில்

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, முதியோர் பகல்நேரம் தங்கும் ‘அன்புச்சோலை’ மையங்கள் 25 அமைக்கப்படும் என்று அறிவித்தது. சரியான திசை. எண்ணிக்கைதான் போதாது. காலை அலுவலகம் போகும்போது விட்டு, மாலையில் அழைத்து வரும் தூரத்தில் இருந்தால்தான் அது பயன்படும். அதற்கு நகராட்சிக்கு ஒன்றாவது வேண்டும். நடக்கிற, பேசுகிற, கேரம் விளையாடுகிற முதியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, மறதி நோய் உள்ளவர்களையும் உடை நனைத்துக்கொள்பவர்களையும் திருப்பி அனுப்பினால், யாருக்கு மிகவும் தேவையோ அந்த வீட்டுக்கு அது எட்டாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே ஊழியர் வருகிறார். வலி தணிப்பு, இயன்முறை சிகிச்சையும் வீட்டில் கிடைக்கின்றன. வந்தவர் கட்டிலில் கிடப்பவரின் ரத்த அழுத்தத்தைப் பார்த்த கையோடு, பக்கத்தில் நிற்பவருக்கும் பார்க்கட்டும். ‘கடைசியாக எப்போது முழுசாகத் தூங்கினீர்கள்?’ என்று கேட்டு அந்தப் பதிலையும் பதிவேட்டில் எழுதட்டும். கூடுதல் செலவில்லாத வேலை.

பணமும் வேண்டும். கேரளத்தில் ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற திட்டம், படுக்கையில் கிடப்பவரை முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் தருகிறது. தொகை சிறியது; பார்ப்பதும் ஒரு வேலைதான் என்று அரசு ஏட்டில் ஒப்புக்கொண்டதுதான் பெரிது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதில் மத்திய அரசின் பங்கு எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்றும் 200 ரூபாய்தான். படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்குப் பார்ப்பவர் பெயரில் தனித் தொகை தருவதை மாநில அரசு உடனே தொடங்கலாம்.

விடுப்பு விஷயத்தில், பெண் அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசில் குழந்தை வளர்ப்பு விடுப்பு பணிக்காலத்தில் 730 நாள் உண்டு. பெற்றோரைப் பார்க்க அப்படி எதுவும் இல்லை. வழக்கமான ஈட்டிய விடுப்பைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் பராமரிப்பு தேவைப்படும் குடும்பத்தினர் ஒருவருக்கு 93 நாள் வரை விடுப்பு எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இங்கே முதல் கட்டமாக, ஆண், பெண் இருவருக்கும் ஆண்டுக்கு 15 நாள் பெற்றோர் பராமரிப்பு விடுப்பை மாநில அரசு தன் ஊழியர்களுக்குக் கொடுக்கலாம். ஆணுக்கும் சேர்த்துக் கொடுப்பது முக்கியம்; இல்லாவிட்டால் அது மருமகளின் கணக்கில் இன்னொரு வேலையாகவே முடியும்.

கடைசியாக, வீட்டுக்கு வரும் ‘அட்டெண்டர்’. பத்திரிகை விளம்பரத்தில் பார்த்து, முன்பணம் கட்டி, யார் என்று தெரியாத ஒருவரிடம் பெற்றோரை ஒப்படைக்கிறோம். அவருக்குப் பயிற்சி உண்டா என்று நமக்குத் தெரியாது. நாம் கட்டும் தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் தெரியாது. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் அந்தப் பெண்ணுக்கும் ஊரில் ஒரு வயதான அம்மா இருக்கலாம். இந்த ஏஜென்சிகளை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக மூன்று மாதப் பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து, குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயித்து, பயிற்சி பெற்றவர்களின் பட்டியலை வட்டாரவாரியாக 14567 எண்ணிலேயே கேட்டுப் பெறும் வசதியைச் செய்து தர வேண்டும்.